மொட்டைத் தலையும் ஆசாரியரும்

கடந்த ஆண்டு அப்பாவின் கருமக்கிரியை முடிந்து, மொட்டைத் தலையோடு பெட்டாலிங் ஜெயாவிலிருந்து விடுதிக்குத் திரும்பினேன். “என்னடா, பத்துமலை வேண்டுதலா?” என்று நண்பன் சிரித்துக்கொண்டே கேட்டான். அவன்மேல் தவறில்லை. நம்மிடையே நேர்த்திக்கடனுக்கும் மொட்டை, இறப்புக்கும் மொட்டை. பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

பழங்கால இஸ்ரவேலரும் தலைமுடிக்குப் பொருள் கண்டவர்களே. அவர்களுடைய வழிபாட்டுச் சட்டநூலுக்குத் தமிழ் விவிலியத்தில் லேவியராகமம் என்று பெயர். வழிபாடு நடத்துபவர் ஆசாரியர். ஆகமம், ஆசாரியர் ஆகிய இரு சொற்களும் நம் சிவாலயங்களில் கேட்டுப் பழகியவையே.

அந்நூலின் 21ஆம் அதிகாரம் ஆசாரியருக்கு மூன்று தடைகளை விதிக்கிறது: தலையை மொட்டையடிக்கக் கூடாது, தாடியின் ஓரங்களைச் சிரைக்கக் கூடாது, உடலைக் கீறிக்கொள்ளக் கூடாது. எசேக்கியேல் நூலின் 44ஆம் அதிகாரமோ, மழிக்கவும் வேண்டாம், நீள வளர்க்கவும் வேண்டாம், கத்தரித்துக்கொண்டால் போதும் என்கிறது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? அக்காலத்தில் தலையை மழிப்பதும் உடலைக் கீறுவதும் இறந்தோருக்காகத் துக்கம் காட்டும் வழக்கங்கள். இறைவனின் முன் நிற்பவர் மரணத்தின் அடையாளத்தைச் சுமக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை எனலாம். அண்டை நாடான எகிப்திலோ பூசாரிகள் தூய்மைக்காக உடல் முழுவதும் மழித்துக்கொண்டனர். தூய்மைக்கு ஒரே தோற்றம் இல்லை!

நேர்த்திக்கடன் மொட்டை இஸ்ரவேலரிடமும் இருந்தது. நசரேய விரதம் பூண்டவர்கள் விரதம் முடியும்வரை முடி வளர்த்து, பின்பு மழித்து, பலியின் நெருப்பில் இட்டனர்.

நம் சிவாச்சாரியார்கள் குடுமி வைப்பது மரபு. சிதம்பரம் தீட்சிதர்களுக்கு முன்குடுமி. தீட்டு நாட்களில் குருக்கள் கருவறைக்குள் நுழைவதில்லை. தம் தந்தைக்குரிய கடனைச் செய்து, தீட்டுக் கழிந்தபின் பூசைக்குத் திரும்புகிறார். இஸ்ரவேலரின் சாதாரண ஆசாரியரும் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவுகளுக்காகத் தீட்டுப்படலாம். தலைமை ஆசாரியருக்கு அந்த விலக்கும் இல்லை. பெற்ற தாய் தந்தையே இறந்தாலும் அவர் உடலருகே செல்லக் கூடாது.

இதைப் படித்தபோது என் தலையைத் தடவிப் பார்த்தேன். அந்த மொட்டை, அப்பாவுக்காக வெளிப்படையாகத் துக்கம் காட்ட எனக்குக் கிடைத்த உரிமை. தலைமை ஆசாரியருக்கு அது மறுக்கப்பட்டது.

அன்பர்களே, இனி மொட்டைத் தலையோடு ஒருவரைக் கண்டால், சிரிப்பதற்கு முன் சற்றுப் பொறுப்போம்.