சத்தீவுஸ் (இலத்தீன் பெயரடை)

சத்தீவுஸ் என்பது "விதைக்கப்பட்ட", "பயிரிடப்படும்" எனப் பொருள்படும் இலத்தீன் பெயரடை ஆகும். விதைத்தலைக் குறிக்கும் 'செரெரே' என்னும் வினையிலிருந்து இது தோன்றியது. பயிரிடப்படும் பல தாவரங்களின் அறிவியல் பெயர்களில் இரண்டாம் சொல்லாக இது இடம்பெறுகின்றது.

இலக்கணம்

தமிழில் "நல்ல மகன்", "நல்ல மகள்", "நல்ல மரம்" என்னும் மூன்றிலும் பெயரடை மாறுவதில்லை. இலத்தீனிலோ பெயரடை தான் தழுவும் பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப ஈறு மாறும். உயிரற்ற பொருட்களின் பெயர்களுக்கும் அம்மொழியில் ஆண்பால், பெண்பால், நடுப்பால் என்னும் பகுப்பு உண்டு.

* ஆண்பால்: சத்தீவுஸ் - குரோக்குஸ் சத்தீவுஸ் (குங்குமப்பூ), குக்குமிஸ் சத்தீவுஸ் (வெள்ளரி)
* பெண்பால்: சத்தீவா - ஒரைசா சத்தீவா (நெல்)
* நடுப்பால்: சத்தீவும் - கொரியாண்ட்ரும் சத்தீவும் (கொத்தமல்லி)

எனவே இவை மூன்று வெவ்வேறு சொற்கள் அல்ல. ஒரே சொல்லின் மூன்று வடிவங்களாகும்.

இவ்வியைபு ஓசை ஒற்றுமையால் அமைவதன்று. 'குக்குமிஸ்' வேறு ஈறு கொண்டிருப்பினும் ஆண்பாற் சொல்லாதலால் 'சத்தீவுஸ்' என்பதையே ஏற்கின்றது. 'ஃபீக்குஸ்' என்பது 'உஸ்' என முடிந்தாலும் பெண்பாற் சொல். ஆகவே அரசமரம் 'ஃபீக்குஸ் ரெலிகியோசா' எனப்படுகின்றது.

தாவரப் பெயரீட்டு விதிகளும் இவ்வியைபைக் கட்டாயமாக்குகின்றன. ஓர் இனம் வேறு பேரினத்திற்கு மாற்றப்படும்போது அதன் பெயரடையின் ஈறும் மாறக்கூடும். லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் 'ஃபாசியோலுஸ் ரடியாத்துஸ்' எனப் பெயரிட்ட பாசிப்பயறு, பின்னர் 'விக்னா' என்னும் பெண்பாற் பேரினத்திற்கு மாற்றப்பட்டு 'விக்னா ரடியாத்தா' ஆயிற்று. இதனை அறியாதவர் பழைய நூலில் உள்ள பெயரை எழுத்துப் பிழை எனக் கருத நேரிடும்.

பலுக்கல்

இச்சொல் மூன்று அசைகளைக் கொண்டது. ஈற்றயல் அசையான 'தீ' நெடிலாதலால் அழுத்தம் அதன்மீது விழும். மூலத்தில் உள்ளது ஒற்றைத் தகரமே. உயிர்களுக்கு இடையே வரும் தனித் தகரம் தமிழில் மென்மையாக ஒலிக்கும் என்பதால், வல்லோசையைக் காட்டவே இங்கு 'த்தீ' என எழுதப்படுகின்றது.

செவ்வியல் இலத்தீனில் வகரம் இதழ்களைக் குவித்து ஒலிக்கப்பட்டது. திருச்சபை இலத்தீனில் அது மேற்பல் கீழிதழைத் தொடப் பிறக்கின்றது. ஆங்கிலம் பேசுவோர் 'சட்டைவஸ்' என்பது போலப் பலுக்குவர். பெயரீட்டு விதிகள் எழுத்து வடிவத்தை மட்டுமே வரையறுக்கின்றன; பலுக்கலை வரையறுப்பதில்லை.