கண்ணின் மறைப்பும் குருதியின் குறையும்

கினிகத்தேனை மழைக்குப் பெயர்போன ஊர். அதனைச் சூழ்ந்த தேயிலை மலைகளிற் கொழுந்து பறிப்போர்க்கு அட்டைக்கடி புதிதன்று. குருதி உறையாதிருத்தற்பொருட்டு அட்டை தன் உமிழ்நீரைக் கடிவாயிற் கலந்துவிடும். ஆதலின் அது விழுந்த பின்னும் நெடுநேரம் குருதி கசியும். பின்னர்த் தானே நின்றுவிடும். அதனை நிறுத்தியது யாது? குருதியில் மிதந்து திரியும் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி அப்புண்வாயை அடைத்தமையே காரணம். இத்தொழிலை 1882ஆம் ஆண்டில் விளக்கியவர் பிசோசெரோ என்னும் இத்தாலிய அறிஞர்.

ஒரு மைக்ரோலீற்றர் குருதியிற் சிறுதட்டுகள் 150,000 முதல் 450,000 வரை இருத்தல் இயல்பு. அவை மிகக் குறைந்தால் அடைப்பாரற்ற அணைபோலக் குருதி ஆங்காங்கே கசியும். ஈறும் மூக்கும் குருதி சிந்தும். அழுத்தினும் மறையாத செம்புள்ளிகள் தோலிற் படரும்.

இக்கசிவு சிலருக்குக் கண்ணிலும் நேர்வதுண்டு. வெண்விழி சிவப்பதோடு நிற்பின் பார்வைக்குப் பெரும்பாலும் ஊறில்லை. விழித்திரையில், அதனினும் மஞ்சட்புள்ளியிற் கசியுமாயின் நிலைமை வேறு. கரும்பலகையின் ஓரங்கள் தெரியும். நடுவிலுள்ள எழுத்து மறைந்துவிடும். நோவோ பெரும்பாலும் இராது. நோவில்லாமையால் நாம் ஏமாறுகிறோம். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றியும் மூக்குக்கண்ணாடியை மாற்றியும் நாளைப் போக்குகிறோம். நோயின் வேர் கண்ணில் இல்லை, குருதியில் இருக்கிறது.

அதனை மெய்ப்பிக்கத் தம் உடலையே பணயம் வைத்தார் ஒருவர். 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் மருத்துவர் ஹரிங்டன், இந்நோயுற்ற பெண்ணொருத்தியின் குருதியைத் தம்முடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துள் அவருடைய சிறுதட்டுகள் அறவே குறைந்தன. சில நாட்களின் பின்னரே மீண்டன. காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தன் சிறுதட்டுகளைப் பகையெனக் கருதி அழிக்கும் உண்மை இதனால் வெளிப்பட்டது.

நம் மலைநாட்டார் சிறப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. சிறுதட்டுக் குறைவோடு கடுஞ்சோகையும் சேருமாயின் விழித்திரையிற் குருதி கசியும் வாய்ப்பு மிகும். தோட்டத்துப் பெண்களிடையே சோகை அருமையான நோயா? அன்று. ஆகவே கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கண்ணுக்கும் காவலாகும்.

டெங்குக் காய்ச்சலும் சிறுதட்டுகளைக் குறைப்பதே. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் அந்நோய்க்கு ஆளாயினர். காய்ச்சல் தணியும் வேளையிற் சிலருக்குப் பார்வை நடுவே கருநிழல் தோன்றுவதுண்டு. குருதிக் கசிவன்றி விழித்திரை அழற்சியும் அதற்குக் காரணமாகும். காய்ச்சலுக்கு அஸ்பிரின் விழுங்குதல் தீது. அது சிறுதட்டுகளின் ஒட்டுந் தன்மையைக் கெடுக்கும்.

எதிர்ப்பாற்றலின் பிழையால் இக்குறை நேர்ந்த குழந்தைகளுட் பெரும்பாலார் சில மாதங்களிலே தாமே நலம் பெறுவர். வளர்ந்தோர்க்கு அது நீடிப்பதுமுண்டு. ஸ்டீரொயிட் மருந்து முதலிற் கைகொடுக்கும். நெடுநாள் உட்கொள்ளின் கண்புரையும் கண்ணழுத்த நோயும் வரக்கூடும். ஆதலின் மருந்து தொடரும் காலமெல்லாம் கண் பரிசோதனையும் தொடர்தல் வேண்டும். தாமே மருந்தை நிறுத்துதலும் கூடாது.

ஆசிரியர்களே, நேற்றுவரை நன்கு வாசித்த மாணவன் இன்று எழுத்துத் தெரியவில்லை என்றால் அதனைச் சோம்பலென்று கடியாதீர். அவன் கைகால்களிற் செம்புள்ளி உண்டா, ஈறு கசிகிறதா என்று கேளுங்கள். உண்டெனில் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். குருதிப் பரிசோதனை எளியது. இழந்த பார்வையை மீட்பது எளிதன்று.