அதியமான் மரபு

நாமக்கல் மலையின் கிழக்குப் பக்கம் பாறையைக் குடைந்து எடுத்த அரங்கநாதர் குகைக்கோயில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டிய இதன் வடமொழிக் கல்வெட்டு, கோயிலின் பெயர் ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்றும், எடுப்பித்தவன் அதியர் குலத்துக் குணசீலன் என்றும் கூறுகிறது. இங்கே பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் உருவமும் தாய்ப்பாறையிலேயே செதுக்கப்பட்டது.

இக்குலத்தின் பழைய தலைநகர் தகடூர், இன்றைய தருமபுரி. ஔவையாரைப் போற்றிய நெடுமான் அஞ்சியையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அஞ்சி பாட்டில் மட்டும் வாழ்ந்தவன் அல்லன். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு, அவன் ஈந்த குகை உறைவிடத்தைக் குறிக்கிறது. அதில் அவன் பெயருக்கு முன் வரும் ‘சதியபுதோ’ என்னும் பட்டம் மிக முக்கியமானது. அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு சொல்லப்படும் சதியபுத்திரர் அதியமான்களே என்பது அதனால் உறுதியாயிற்று.

குணசீலனுக்குச் சில நூற்றாண்டுகள் பின்னர், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் வாழ்ந்தவன் இராசராச அதிகைமானின் மகன் விடுகாதழகிய பெருமாள். தன் குலத்தைச் சேர மரபோடு இணைத்துக்கொண்ட அவன், தன் குல முன்னோனான எழினி செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததைப் போளூர் அருகேயுள்ள திருமலைச் சமணக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது.