எத்தனையா? எவ்வளவா?

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குக் காலை நேரத்தில் போயிருக்கிறீர்களா? படகிலிருந்து இறக்கிய மீன்களைக் கூறு கூறாக வைத்து விற்பார்கள். "ஒரு கூறுல எத்தனை மீன் இருக்கு?" என்று அம்மா கேட்பார். வீட்டுக்கு வந்ததும் பாட்டி, "எவ்வளவு மீன் வாங்கினே?" என்பார். "ஒரு கிலோ இருக்கும்" என்று பதில் வரும்.

பார்த்தீர்களா? ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது 'எத்தனை'. எடை போட்டோ அளந்தோ பார்க்கும்போது 'எவ்வளவு'. இதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆங்கிலத்தில் எத்தனை என்பது 'ஹவ் மெனி', எவ்வளவு என்பது 'ஹவ் மச்'. கவுண்டபிள் நவுன், அன்கவுண்டபிள் நவுன் என்று இலக்கணப் புத்தகம் மிரட்டுகிறதே, அதில் முக்கால் பங்கு இதுதான்.

இனி பஸ் ஏறித் தெற்கே சிதம்பரம் போவோம். நடராசர் கோயில் பொற்கூரையை அண்ணாந்து பாருங்கள். அதில் 21,600 பொன் ஓடுகள், 72,000 ஆணிகள் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. நாம் ஒரு நாளில் விடும் மூச்சும் 21,600 என்பார்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்! ஓட்டை எண்ணலாம்: 'ஹவ் மெனி டைல்ஸ்?' ஆணியையும் எண்ணலாம்: 'ஹவ் மெனி நெய்ல்ஸ்?' தங்கத்தை? எவ்வளவு தங்கம் என்றுதானே கேட்போம்! 'ஹவ் மச் கோல்ட்?' எத்தனை ஓடு வேய்ந்தாலும் 'கோல்ட்ஸ்' ஆகாது.

"பணத்தை எண்ணுகிறோமே சார், அது ஏன் அன்கவுண்டபிள்?" வருடா வருடம் வகுப்பில் ஒருவராவது இதைக் கேட்பார். நல்ல கேள்வி. நாம் எண்ணுவது ரூபாயை. எத்தனை ரூபாய், 'ஹவ் மெனி ருபீஸ்'. எவ்வளவு பணம், 'ஹவ் மச் மணி'.

ஆனால் இந்தச் சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது. பஸ்ஸில் கண்டக்டர், "எத்தனை லக்கேஜ்?" என்கிறார். நாமும் 'டூ லக்கேஜஸ்' என்று எழுதிவிடுகிறோம். தவறு! 'டூ பேக்ஸ்' என்று எழுதுங்கள். நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக் கூடாது. தமிழில் இரண்டு அறிவுரை, மூன்று தகவல் என்போம். ஆங்கிலத்தில் அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஹோம்வொர்க் எதற்குமே பின்னால் எஸ் வராது. 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று சுற்றி வளைக்க வேண்டும். 'நியூஸ்' இன்னும் குறும்பு. வாலில் எஸ் இருந்தும் அது ஒருமைதான். 'தி நியூஸ் இஸ் குட்'. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இந்தப் பாடத்தில் நானே ஒருமுறை சறுக்கினேன். ஓட்டலில் நடக்கும் உரையாடல் எழுதச் சொன்னபோது, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'டூ காஃபீஸ், ப்ளீஸ்' என்று எழுதியிருந்தாள். காபியை எப்படி எண்ணுவது? சிவப்பு மையால் அடித்து, ஒரு மதிப்பெண் குறைத்தேன். நோட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போய் உட்கார்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பருடன் சிதம்பரம் போயிருந்தேன். கீழவீதி அருகே ஓர் ஓட்டலில் உட்கார்ந்து, "ரெண்டு காபி" என்றேன். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. ரெண்டு டம்ளர் காபியைத்தானே அப்படிக் கேட்டேன்? வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். கடையில் கேட்கும்போது 'டூ காஃபீஸ்' சரியே என்று போட்டிருந்தது.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் அவள் நோட்டை வாங்கி, என் சிவப்புக் கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டு, மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. உடனே ஒரு கேள்வியும் வந்தது: "அப்போ 'டூ வாட்டர்ஸ்'னும் சொல்லலாமா சார்?"

"பாட்டில் தண்ணீர் விற்கும் கடையில் சொல்லலாம்மா. வீட்டுக் குடத்தில் மொண்டு குடிக்கும்போது 'சம் வாட்டர்'தான்" என்றேன்.