இரண்டு ஊசி, ஒரு நூல்

பாரிஸில் 1837இல் தியரி எர்மெஸ் தொடங்கிய பட்டறை முதலில் செய்தது கைப்பை அல்ல; குதிரை வண்டிக்கான வாரும் கடிவாளமும். ஓடும் வண்டியில் வாரின் தையல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற இடத்தில் பிரியாத தையல் அந்தத் தொழிலுக்குத் தேவைப்பட்டது. மோட்டார் கார் வந்து குதிரைகளுக்கு வேலை குறைந்ததும் அந்தக் குடும்பத்தார் பைகளின் பக்கம் திரும்பினார்கள். தையலை மட்டும் விடவில்லை. 1956இல் நடிகை கிரேஸ் கெல்லியின் கையில் படம் பிடிக்கப்பட்டு, பின்னர் அவர் பெயரையே பெற்ற கெல்லி பையிலும், 1984இல் வந்த பிர்க்கின் பையிலும் இருப்பது அதே சேணத் தையல்தான். லட்சக்கணக்கில் விலை போகும் அந்தப் பைகளில் வீட்டு மேசையிலேயே செய்துவிடக்கூடிய பகுதியும் அதுதான்.

தையல் மிஷின் இரண்டு நூல்களைப் பயன்படுத்துகிறது. மேல் நூல் மேலேயே ஓடும்; பாபின் நூல் கீழேயே ஓடும். துளைக்குள் இரண்டும் ஒன்றையொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். ஒரு நூல் தேய்ந்து அறுந்தால் மாட்டிய பிடி தளர்ந்து, தையல் வரிசையாகப் பிரியத் தொடங்கும். சேணத் தையலில் நூல் ஒன்றுதான். அதன் இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகப் புகுந்து வரும். ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும், அதே துளைகளில் ஓடும் மறுபாதி தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

முதலில் தோல். சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். சென்னையில் பெரியமேடு இதற்குப் பேர்போனது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும், தண்ணீரையும் ஓரளவு தாங்கும். மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல் விறைப்பாக நிற்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சேர்த்துத் தமிழகத்தில் பதனிடப்பட்டு, கப்பலேறி ஐரோப்பா போன ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இந்த இரண்டாவது வகை. இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பைக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனம் போதும். விலங்கின் முதுகுப் பகுதித் தோல் உறுதியானது. வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். கைப்பிடிக்கு வயிற்றுத் தோலை வெட்டினால் நாலு மாதத்தில் தொங்கிவிடும்.

துணியைப் போலத் தோலில் நூல் பிரியாது என்பதால் ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு முறை விழுந்த துளை மறையாது; பிரித்துத் தைப்போம் என்ற சமாதானம் இங்கே செல்லாது. எனவே கெட்டி அட்டையில் பையை முழுதாக வெட்டி ஒட்டிப் பார்த்த பிறகே தோலில் கத்தி வைக்க வேண்டும். இணையும் ஓரங்களில் உள்பக்கத்தைச் சற்றுச் சீவி, ரப்பர் பசை தடவி, அது ஈரம் காய்ந்து பிசுபிசுப்பான பின் அழுத்தி ஒட்டலாம்.

ஓரத்திலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே கோடு கிழித்து, அதன்மேல் பல் வைத்த உளியை நிறுத்தி மரச்சுத்தியால் தட்டினால் துளைகள் வரிசையாக விழும். கடைசியாக விழுந்த துளையில் உளியின் முதல் பல்லை வைத்து அடுத்த அடி அடித்தால் இடைவெளி பிசகாது. துளை தயாராக இருப்பதால் ஊசிக்குக் கூர் தேவையில்லை; மழுங்கிய முனைதான் நல்லது. நூல், தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு, தேன்மெழுகில் இழுத்தது.

இடது ஊசி முதலில் நுழையட்டும். பின்னாலேயே வலது ஊசியை அதே துளையில் செலுத்தும்போது, முதல் நூலைச் சற்று இழுத்து ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் ஊசி நூலையே குத்திவிட்டது என்று பொருள். பிறகு இரு கையையும் ஒரே பலத்தோடு விரித்து இறுக்குங்கள். எந்த ஊசி முதலில் என்பதைக் கடைசித் துளை வரை மாற்றக் கூடாது. மாற்றினால் அந்த ஒரு தையல் மட்டும் வேறு பக்கம் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். முடிவில் இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து நூலை ஒட்ட நறுக்கினால் போதும், முடிச்சு தேவையில்லை.

விலை உயர்ந்த பையை ஓரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பட்டைச் சாற்றுத் தோலின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, லேசாக நனைத்து, வழவழப்பான மரத்துண்டால் அழுத்தித் தேய்த்தால், ஈரமும் சூடும் சேர்ந்து இழைகளைப் படியவைத்துப் பளபளப்பாக்கும். குரோம் தோல் இதற்கு மசியாது. அதற்கு ஓரப் பெயின்டைப் பல பூச்சாகப் பூசி, இடையிடையே தேய்க்க வேண்டும். பையின் வடிவத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்; ஆனால் நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் பதிப்பது சட்டப்படி குற்றம்.

எடுத்த எடுப்பில் பையைத் தொட வேண்டாம். கழிவுத் தோலில் விரல் நீளத்துக்கு ஒரு தையல் போட்டு, நடுவில் ஒரே ஒரு நூலை பிளேடால் அறுத்து, இரண்டு துண்டுகளையும் பிரிக்க இழுத்துப் பாருங்கள். பழைய மிஷின் தையல் பை ஒன்றிலும் அதையே செய்து பாருங்கள். எதை நம்பிப் பொருளை வைக்கலாம் என்று உங்கள் கையே சொல்லிவிடும்.