உங்களுக்குத் தெரியுமா? குட்டிக் கால்களுக்கு 3 மணி நேரம்!

● 1 முதல் 4 வயதுவரை உள்ள குழந்தைகள் தினமும் மொத்தம் 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019). 3 வயதானால் அதில் 1 மணி நேரம் மூச்சு வாங்கும் விளையாட்டு!

● தவழாத கைக்குழந்தையை, விழித்திருக்கும்போது விட்டுவிட்டு 30 நிமிடமாவது குப்புறப் படுக்க விடுங்கள். கழுத்தும் தோளும் வலுப்பெறும்.

● அம்மா வேலைக்குப் போனால் குழந்தை எங்கே விளையாடும்? 50 பெண்களாவது வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம்.

● ஊட்டி, குன்னூரில் மழை விடவில்லையா? வீட்டுக்குள்ளேயே நொண்டி, தவளைத் தாவல். வெயில் எட்டிப் பார்த்ததும் குழந்தையை ஸ்வெட்டரோடு லயன் வீட்டு வாசலில் இறக்கிவிடுங்கள். இருட்டும் முன் உள்ளே அழைத்துவிடுங்கள். இருட்டினால் சிறுத்தையும் கரடியும் நடமாடும்.

● செல்போன்? 2 வயதுவரை வேண்டவே வேண்டாம். அதன் பிறகும் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.