72 மணி நேரமும் ஒரு மாநில எல்லையும்

புது தில்லி: வேலூரிலிருந்து சித்தூருக்குச் சுமார் 35 கி.மீ. இடையில் மாநில எல்லை வருகிறது என்பதைப் பெயர்ப் பலகைகளை வைத்துத்தான் அறிய முடியும். அந்தப் பகுதியின் பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. ஆனால் மருந்துக் கடைகளில் அந்த எல்லை தெளிவாகவே தெரியும். ஆந்திரத்தில் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கப்படும் அவசரக் கருத்தடை மாத்திரை, தமிழகத்தின் பெரும்பாலான மருந்துக் கடைகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கிடைப்பதில்லை.

இந்த மாத்திரையைச் சீட்டின்றி விற்கலாம் என்று மத்திய அரசு முடிவு செய்தது 2005 ஆகஸ்டில். அப்போது மத்திய சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த அன்புமணி ராமதாஸ். 2007-இல் சிப்லா நிறுவனம் "ஐ-பில்" என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சி விளம்பரங்களால் அப்பெயர் நாடெங்கும் பரவியது. தமிழகத்திலோ, கலாசாரம் கெடும் என்ற எதிர்ப்பும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் கெடுபிடியும் சேர்ந்து கொள்ள, வணிகர்கள் இம்மாத்திரையை இருப்பு வைப்பதையே கைவிட்டனர்.

தடை என்று முறையான ஆணை ஏதும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஆணை ஒன்று இருந்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் செல்லலாம். அவையில் கேள்வி எழுப்பலாம். இல்லாத ஆணையை யார், எப்படி ரத்து செய்வது? கடைக்காரரைக் கேட்டால் "அது தடை செய்யப்பட்டது" என்பார். கருக்கலைப்பு மாத்திரையையும் இதையும் ஒன்றாகக் கருதுவோரும் உண்டு.

இரண்டும் வெவ்வேறு. கருக்கலைப்புக்குரிய மிஃபிப்ரிஸ்டோன், மிசோபுரோஸ்டால் ஆகியவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது. அவசரக் கருத்தடை மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன், 1.5 மில்லி கிராம், ஒரே வேளை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதே அதன் வேலை. கரு ஏற்கெனவே பதிந்துவிட்டால் அதை இம்மாத்திரை கலைக்காது. அதற்குத் தீங்கும் செய்யாது.

ஆகவேதான் இங்கு நேரம் முக்கியம். பெண்ணின் உடலில் விந்தணு ஐந்து நாள்கள் வரை உயிருடன் இருக்கக்கூடும். வெளிவந்த கருமுட்டையோ அதிகபட்சம் ஒரு நாள்தான். எனவே ஒரு மாதத்தில் கருவுறும் வாய்ப்புள்ள நாள்கள் ஏறத்தாழ ஆறு. அவை எந்த ஆறு நாள்கள் என்பது, மாதவிலக்குச் சீராக வராத இளம் பெண்களுக்கு நாள்காட்டியைப் பார்த்துத் தெரியாது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் மாத்திரையை உட்கொள்ள வேண்டும் என்பது விதி. முதல் நாளிலேயே உட்கொண்டால் பலன் அதிகம். கருமுட்டை முந்திக் கொண்டுவிட்டால் மாத்திரையால் பெரும்பாலும் பயனில்லை. சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கி, திருப்பதிக்கோ புதுச்சேரிக்கோ செல்லும் யாரையாவது சொல்லி வாங்கி வரும் ஒருவர் இழப்பது இந்த மணி நேரங்களைத்தான். வழக்கமான கருத்தடைக்கு இது மாற்றாகாது, பால்வினை நோய்களைத் தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்து நாள்களுக்குள் பொருத்தப்படும் காப்பர்-டி இதைவிடப் பலனளிப்பது; 99 சதவீதத்துக்கும் மேல் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்றவர் தேவை.

எல்லைக்கு அப்பால் எல்லாம் சரியாக இருக்கிறதா? அப்படியும் சொல்வதற்கில்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திரத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்து கொண்டவர்கள். நாட்டின் சராசரி 38 சதவீதம் மட்டுமே. மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி ஆகிய அனைத்தும் சேர்ந்தும் ஆந்திரத்தில் சொற்பமே. அதே ஆய்வில், 15 முதல் 19 வயதுக்குள் தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்கள் அங்கு 12.6 சதவீதம். தமிழகத்தில் இது 6.3. திருமணத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பெண்களின் கையில் எதுவுமில்லை என்றே இந்த எண்கள் கூறுகின்றன. மாத்திரை கடையில் இருப்பது வேறு; அது எதற்கு, எப்போது என்று தெரிந்திருப்பது வேறு.

2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி, கோயில் நகரம் மட்டுமன்று. வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி என்று வெளியூர் மாணவியர் ஆயிரக்கணக்கில் தங்கிப் படிக்கும் ஊர். ஆஷா பணியாளர் மூலம் வீடு தேடிக் கருத்தடைச் சாதனங்கள் வழங்க 2011-இல் தொடங்கிய திட்டத்தில் இந்த மாத்திரைக்கு வைத்த விலை இரண்டே ரூபாய். ஆனால் அது மணமான தம்பதியரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட திட்டம். விடுதி மாணவியின் அறைக் கதவை ஆஷா பணியாளர் தட்டப் போவதில்லை.

நாடாளுமன்றம் இவ்விஷயத்தில் ஒரு படி முன்னே சென்றிருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத் திருத்த மசோதா 2021 மார்ச் 16-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. கருத்தடைச் சாதனம் பலனளிக்காமல் போனால் கருக்கலைப்பு செய்து கொள்ளும் உரிமை, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் "மணமான பெண் அல்லது அவரது கணவர்" என்ற சொற்களோடு கட்டுண்டிருந்தது. திருத்தத்தில் அது "எந்தப் பெண்ணும் அல்லது அவரது துணைவர்" என்றாயிற்று. மணமாகாதவருக்கும் 24 வாரம் வரையிலான வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருக்கலைப்பு வரை சென்றால் சட்டம் துணை நிற்கும். அதுவரை செல்லாமல் தடுக்கும் மாத்திரையோ வேலூரில் கிடைக்காது.

அரசமைப்புச் சட்டத்தில் மருந்துகள் பொதுப் பட்டியலில் உள்ளன. விதிகளை வகுப்பது தில்லி. கடைக்கு உரிமம் தருவதும் ஆய்வாளரை அனுப்புவதும் மாநில அரசு. தில்லியைக் கேட்டால் 2005-ஆம் ஆண்டு முடிவைக் காட்டலாம். மாநிலத்தைக் கேட்டால் தடை ஏதும் இல்லை எனலாம். இரண்டுமே உண்மை. தடையில்லை என்பதை மருந்து வணிகர்களுக்கு ஒரு சுற்றறிக்கையாக அனுப்ப சென்னையில் ஓர் அதிகாரியின் கையெழுத்து போதும். அதற்குச் சட்டத் திருத்தமோ, நாடாளுமன்ற விவாதமோ தேவையில்லை.